போஸ்ட்டாக் போகும் முன்: உயிர்த் தகவலியல், மூலக்கூறு உயிரியல் துறையினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும், போஸ்ட்டாக் சேர்ந்து முதல் ஆண்டில் திணறுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போஸ்ட்டாக் என்பது படிப்பா, வேலையா?

வேலைதான். பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. ஒரு மூத்த ஆராய்ச்சியாளரின் ஆய்வகத்தில், பெரும்பாலும் ஓராண்டு ஈராண்டு என்று புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில், முழுநேரம் ஆராய்ச்சி செய்யும் பதவி. ஆனாலும் அதற்குள் ஒரு பயிற்சி இருக்கிறது. பிஎச்.டி.யில் பெரும்பாலும் கைடு கொடுத்த கேள்விக்கு விடை தேடியிருப்பீர்கள். இங்கே கேள்வியையே நீங்கள்தான் தேட வேண்டும். மூன்று நான்கு ஆண்டு கழித்து, "இது என் கேள்வி, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்று உங்களால் சொல்ல முடிந்தால் போஸ்ட்டாக் பலித்தது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

பிஎச்.டி. முடித்த எல்லோருக்கும் இது தேவையா?

இல்லை. பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ சொந்த ஆய்வகம் நடத்த விரும்பினால், இந்த இரண்டு துறைகளிலும் போஸ்ட்டாக் ஏறக்குறைய கட்டாயம். மருந்து நிறுவனத்தில் டேட்டா பகுப்பாய்வு, பயோடெக் நிறுவனத்தில் மென்பொருள், ஆய்விதழ் ஆசிரியர் பணி, காப்புரிமை, அறிவியல் நிர்வாகம் போன்றவற்றில் பலவற்றுக்கு பிஎச்.டி.யே போதும். உயிர்த் தகவலியல் (உயிரியல் டேட்டாவைக் கணினியில் ஆராயும் துறை) படித்தவர்களுக்கு இந்த வாசல் இன்னும் அகலமானது. "வேறு எதுவும் தோன்றவில்லை, அதனால் போஸ்ட்டாக்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப்போட்டு யோசிப்பதால் பெரிய நஷ்டம் வராது. மனமில்லாமல் மூன்று ஆண்டு ஆய்வக பெஞ்சில் நிற்பதுதான் நஷ்டம்.

எத்தனை ஆண்டு இருக்கலாம்?

மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரை சாதாரணம். எலி போன்ற விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகள் இயல்பாகவே நீளும், கணினி ஆய்வுகள் சற்றுச் சீக்கிரம் முடியும். மறந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பல நிதியுதவிகளுக்குப் பிஎச்.டி. வாங்கிய நாளிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போ தரும் ஃபெலோஷிப்புக்கு (ஆராய்ச்சி உதவித்தொகைக்கு) பிஎச்.டி. முடித்து இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். போஸ்ட்டாக்கிலிருந்து சொந்த ஆய்வகத்துக்கு மாற உதவும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கே99 நிதிக்கு நான்கு ஆண்டுக்கு மேல் போஸ்ட்டாக் அனுபவம் இருக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டை "பழகிக்கொள்கிறேன்" என்று கழித்துவிட்டால், சில கதவுகள் தட்டும் முன்பே மூடியிருக்கும்.

நான் வெட் லேப் (கையால் சோதனை செய்யும் ஆய்வகம்) ஆள். உயிர்த் தகவலியலுக்கு மாறலாமா?

தாராளமாக. போஸ்ட்டாக் காலம் அதற்குத் தோதான நேரம். எதிர்த்திசையிலும் ஆட்கள் வருகிறார்கள். வெங்கி ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் பிஎச்.டி. முடித்தவர். பிறகு உயிரியலைப் படிக்க மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார், அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் ஆக, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பக்கம் வந்தார். அந்த ரைபோசோம் ஆய்வுக்குத்தான் 2009-இல் நோபல் பரிசு. உயிரியல் ஆராய்ச்சிக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான ஹெச்.எஃப்.எஸ்.பி.யில், இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் போன்ற துறைகளில் பிஎச்.டி. செய்துவிட்டு உயிரியலுக்கு வருகிறவர்களுக்கென்றே தனி ஃபெலோஷிப் இருக்கிறது.

மாறும்போது கையில் இருப்பதை உதறிவிடாதீர்கள். ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்து, மாதிரி கெட்டுப்போனால் டேட்டா எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர், வெறும் கணினிப் பின்னணியிலிருந்து வருகிறவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர். அதுதான் உங்கள் பலம். ஒரு யோசனை: உங்கள் பிஎச்.டி. ஆய்வுக்கு நெருக்கமான ஒரு டேட்டாவை ஜியோ என்ற பொது மரபணுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, அந்தப் பேப்பரின் ஒரே ஒரு படத்தை நீங்களே மறுபடி உருவாக்கிப் பாருங்கள். எத்தனை ஆன்லைன் பாடம் முடித்தாலும் இதில் கிடைக்கும் பாடம் கிடைக்காது. விண்ணப்பத்தில் காட்டவும் ஒரு பொருள் கிடைக்கும்.

எந்த அளவுக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்?

லினக்ஸ் கட்டளை வரி, பைத்தான் அல்லது ஆர் இரண்டில் ஒன்றில் நல்ல பிடிப்பு, கிட் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), கிளஸ்டரில் (பல கணினிகளின் தொகுப்பில்) வேலை அனுப்பத் தெரிவது. ஸ்னேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோவில் ஒரு பைப்லைன் (பகுப்பாய்வுப் படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் நிரல்) கட்டியிருந்தால் இன்னும் நல்லது. இதற்கு மேல் வேண்டியதை வேலையில் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றைவிட முக்கியம் சந்தேகப்படும் பழக்கம். எக்ஸெல் செய்த கூத்து உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மார்ச்1, செப்ட்2 என்று பெயர் கொண்ட மரபணுக்களைத் தேதி என்று எடுத்துக்கொண்டு, மார்ச் 1, செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த பேப்பர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாகக் காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மரபணுக்களின் பெயரை மாற்றியது. இதேபோலத்தான், மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறிக்கும் கோப்புகளில், பெட் கோப்பு 0-இலிருந்து எண்ணும், ஜிஎஃப்எஃப் கோப்பு 1-இலிருந்து எண்ணும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கவனிக்காவிட்டால் எல்லாத் தொடக்க இடங்களும் ஒரு காரம் (டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து) தள்ளிப்போகும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, அழகான படமும் வரைந்து கொடுக்கும். நேர்காணலில் இப்படி ஒரு பிழையை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொன்னால், பத்து மென்பொருள்களின் பெயரை அடுக்குவதைவிட நன்றாக எடுபடும்.

ஆய்வகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நிறுவனத்தின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். உங்கள் அன்றாடத்தை நிர்ணயிப்பது ஆய்வகத் தலைவர், பக்கத்து மேசைக்காரர்கள், ஆய்வுத் திட்டம் இந்த மூன்றும்தான். பெரிய பெயர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பேர் இருக்கும் ஆய்வகத்தில் தலைவரை மாதம் ஒருமுறை பார்ப்பதே பெரிய விஷயமாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் தானாக ஓடத் தெரிந்தவர்கள் ஜொலிப்பார்கள், வழிகாட்டல் தேவைப்படுகிறவர்கள் தொலைந்துபோவார்கள். புதிதாகத் தொடங்கிய ஆய்வகத்தில் தலைவர் உங்களோடு பெஞ்சில் நிற்பார், பேப்பரை வரி வரியாகத் திருத்துவார். அதே சமயம், வேலை நிரந்தரமாவதற்கு அவருக்கே உங்கள் பேப்பர் தேவைப்படும். அந்த அழுத்தமும் உங்கள் மேல்தான் விழும்.

முன்பு அங்கே போஸ்ட்டாக் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். தலைவர் பரிந்துரைக்கும் ஆட்களோடு நின்றுவிட வேண்டாம். ஆய்வகத்தின் பேப்பர்களில் முதல் ஆசிரியராக இருந்து, பிறகு பெயர் மறைந்துபோனவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களில் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள். "நல்ல ஆளா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். கையெழுத்துப் பிரதியை அனுப்பினால் எத்தனை நாளில் திரும்பி வரும்? ஒரு சோதனை தலைவரின் கருதுகோளுக்கு எதிராக வந்தபோது என்ன நடந்தது? கிளம்பும்போது சொந்தத் திட்டத்தை எடுத்துப்போக விட்டாரா? இரண்டு போஸ்ட்டாக்குகளுக்கு ஒரே திட்டத்தைக் கொடுத்துப் போட்டி போட வைத்ததுண்டா? கேட்டவுடன் பதில் வராமல் ஓர் இடைவெளி விழுந்தால், அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிதி எத்தனை மாதத்துக்கு உறுதி என்று தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். "கிராண்ட் வரும்" என்பதும் "கிராண்ட் வந்துவிட்டது" என்பதும் ஒன்றல்ல.

முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வகத்தின் மகத்தான பணிகளைக் கண்டு வியந்தேன்" என்று தொடங்கும் கடிதங்கள் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டவை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மாறாக இப்படித் தொடங்கலாம்: "உங்கள் சமீபத்திய பேப்பரில், மேம்படுத்தி (என்ஹான்சர்) வரிசையை நீக்கிய பிறகும் மரபணு வெளிப்பாடு பாதிதான் குறைந்தது. மீதியை இன்னொரு மேம்படுத்தி தாங்குகிறதா என்பதை என் பிஎச்.டி.யில் பயன்படுத்திய முறையால் சோதிக்க முடியும் என்று நினைக்கிறேன்." இரண்டே வாக்கியம். படித்திருக்கிறீர்கள், யோசித்திருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு திறமை இருக்கிறது, மூன்றும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போது சேர முடியும், எந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள், யார் பரிந்துரைப்பார்கள் என்று எழுதி, சி.வி.யை இணைத்து முடித்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா? ஆய்வகத் தலைவரே சம்பளம் தருகிறாரே?

விண்ணப்பியுங்கள். சொந்தப் பணத்தோடு வருகிறவர் தன் கேள்வியோடு வருகிறார். தலைவரின் கிராண்ட்டில் இருப்பவர், அந்த கிராண்ட் வாக்களித்த வேலையைத்தான் முதலில் செய்தாக வேண்டும். கிடைக்காமல் போனாலும், விண்ணப்பம் எழுதும் இரண்டு மாதத்தில் திட்டத்தின் ஓட்டைகள் எல்லாம் தெரிந்துவிடும்.

விதிகளை முன்கூட்டியே படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் சேரப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. "முதலில் போய்ச் சேருவோம், அப்புறம் விண்ணப்பிப்போம்" என்று இருந்தவர்கள் இந்த விதியால் தகுதி இழந்துவிடுகிறார்கள். எம்போ ஃபெலோஷிப்புக்கு நாடு மாறுவதும், முதல் ஆசிரியராக ஒரு பேப்பரும் வேண்டும். கே99-க்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, இது தெரியாமலேயே பலர் தவறவிடுகிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில இடங்களில் ஃபெலோஷிப் வாங்குகிறவரை ஊழியராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு எல்லாம் மாறிவிடும். கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோதனை ஆய்வகத்தில் நான் ஒருவன்தான் உயிர்த் தகவலியல் ஆள். எல்லோருடைய டேட்டாவும் என்னிடம்தான் வருகிறது. என்ன செய்வது?

எனக்கு மிகவும் மனம் வலிக்கும் கேள்வி இது. திறமையான பலருடைய போஸ்ட்டாக் இப்படித்தான் கரைந்துபோகிறது. முதல் மாதம் ஒருவர் "ஒரு வால்கேனோ பிளாட் மட்டும் போட்டுத் தரமுடியுமா" என்பார் (எந்த மரபணுக்கள் மாறியிருக்கின்றன என்று காட்டும் படம் அது). செய்து கொடுப்பீர்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் கூட்டு ஆய்வகத்துக்காரர். மூன்றாம் ஆண்டில் பத்துப் பேப்பரில் ஐந்தாவது, ஆறாவது ஆசிரியராக இருப்பீர்கள். முதல் ஆசிரியராக ஒன்றும் இருக்காது. வேலைக்கு எடுக்கும் குழு அதைப் பார்த்து "நல்ல உதவியாளர்" என்ற முடிவுக்கு வந்துவிடும். உழைப்பு முழுக்க உங்களுடையதாக இருக்கும், கதை மட்டும் உங்களுடையதாக இருக்காது.

சேரும்போதே பேசி வைப்பதுதான் தீர்வு. வாரத்தில் ஒரு நாள், அல்லது ஒன்றரை நாள், பொது வேலைக்கு. மீதி உங்கள் திட்டத்துக்கு. இதைத் தலைவரே ஆய்வகக் கூட்டத்தில் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தெரியும். அடிக்கடி கேட்கப்படும் பகுப்பாய்வுக்கு ஒரு பைப்லைன் கட்டி, மற்றவர்களே ஓட்டும்படி அரை நாள் வகுப்பு எடுங்கள். ஒவ்வொரு புதுக் கோரிக்கைக்கும் "ஆசிரியர் வரிசையில் என் இடம் எது?" என்பதை வேலை தொடங்கும் முன் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

சோதனையை வடிவமைக்கும் கட்டத்திலேயே உங்களைக் கூப்பிட வேண்டும் என்றும் வற்புறுத்துங்கள். ஒரு பொதுவான நிலைமையைப் பாருங்கள். மருந்து கொடுக்காத மூன்று மாதிரிகளைத் திங்கட்கிழமை ஒருவர் தயாரிக்கிறார். மருந்து கொடுத்த மூன்றை அடுத்த வாரம் வேறொருவர், வேறு ரசாயனக் கிட் வைத்துத் தயாரிக்கிறார். சீக்வென்சிங் (மரபணு வரிசையைப் படிப்பது) முடிந்து டேட்டா உங்களிடம் வருகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் வித்தியாசம் தெரியும். அது மருந்தால் வந்ததா, கிட்டால் வந்ததா, செய்தவரின் கையால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. பணமும் மாதிரியும் போனது போனதுதான். தொடக்கத்திலேயே உங்களைக் கேட்டிருந்தால், ஒவ்வொரு நாளும் இரண்டு வகையையும் கலந்து செய்யச் சொல்லியிருப்பீர்கள், செலவே இல்லாமல். தனிச்செல் சீக்வென்சிங்கிலும் இதே கதைதான்: இரண்டு எலிகளிலிருந்து இருபதாயிரம் செல் எடுத்தாலும் புள்ளியியலின் கணக்கில் எலி இரண்டுதான். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்கிறவரைச் சோதனைக்காரர்கள் சீக்கிரமே ஆய்வுப் பங்காளியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

என் திட்டம் ஓராண்டாக நகரவே இல்லை. விடலாமா?

முதலில் எதனால் நகரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். குளோன் கிடைக்கவில்லை, ஆன்டிபாடி சரியில்லை, செல்லில் மைக்கோபிளாஸ்மா தொற்று என்றால் அது தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யக் கூடியது. சோதனை ஒழுங்காக வேலை செய்து, கட்டுப்பாட்டு மாதிரிகளும் சரியாக இருந்து, கருதுகோள் மட்டும் தொடர்ந்து பொய்யாகிறது என்றால், இயற்கை பதில் சொல்லிவிட்டது. மேற்கொண்டு எத்தனை முறை செய்தாலும் அது மாறாது. தலைவரிடம் டேட்டாவோடு போய்ப் பேசுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது, இரண்டு திட்டங்களோடு தொடங்குங்கள். ஒன்று துணிச்சலானது, மற்றொன்று எப்படி முடிந்தாலும் ஒரு பேப்பர் தரக்கூடியது. துணிச்சலான திட்டத்துக்கு, "இந்தத் தேதிக்குள் இந்த ஒரு சோதனை வேலை செய்யாவிட்டால் நிறுத்துவேன்" என்று தொடங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்.

வேறொருவர் முந்திக்கொண்டு பேப்பர் போட்டுவிட்டால்?

அன்று மாலை உலகமே இடிந்ததுபோல் இருக்கும். மறுநாள் அந்தப் பேப்பரை நிதானமாகப் படியுங்கள். இருவர் செய்ததும் அப்படியே ஒன்றாக இருப்பது அரிது. செல் வகை, முறை, விளக்கம் ஏதாவது வேறாக இருக்கும். எம்போ ஜர்னல், பிளாஸ் பயாலஜி போன்ற ஆய்விதழ்கள், ஒரே முடிவு சில மாத இடைவெளியில் வந்தால் அதைக் காரணம் காட்டி நிராகரிப்பதில்லை என்ற கொள்கை வைத்திருக்கின்றன. 2013-இல் தொடங்கிய பயோஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பை (ஆய்விதழில் வருவதற்கு முந்தைய பேப்பரை) ஏற்றிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, உயிர்த் தகவலியலில் இனி வேலை இருக்குமா?

இருக்கும், வேலையின் முகம் மாறும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்ப்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. ஆல்ஃபாஃபோல்டு எதைப் படித்துக் கற்றது? 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சோதனைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த வடிவங்களை. நல்ல டேட்டாவும், அது நல்ல டேட்டாதானா என்று பார்க்கத் தெரிந்த ஆளும் இல்லாமல் எதுவும் நகராது. வழக்கமான நிரலைக் கருவியே எழுதிக் கொடுக்கும், சரி. எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்று முடிவெடுப்பதும், வந்த விடை உயிரியலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலை.

ஆய்வகத் தலைவரோடு ஒத்துவரவில்லை. இடையில் விலகினால் பெயர் கெடுமா?

ஒத்துவராமை வேறு, கொடுமை வேறு. வேலை செய்யும் பாணி பொருந்தவில்லை என்றால் வாரச் சந்திப்பு, எழுதிவைத்த இலக்குகள், வெளியிலிருந்து இன்னொரு வழிகாட்டி என்று சரிசெய்யப் பார்க்கலாம். திட்டுவது, மிரட்டுவது, விசாவைக் காட்டி நெருக்குவது, டேட்டாவை மாற்றச் சொல்வது என்றால் பொறுத்துப்போகாதீர்கள். தேதியோடு குறித்துவையுங்கள், நிறுவனத்தின் குறைதீர்ப்பாளரையோ போஸ்ட்டாக் அலுவலகத்தையோ அணுகுங்கள், கூடவே அடுத்த இடத்தையும் தேடுங்கள். ஓராண்டில் இடம் மாறிய போஸ்ட்டாக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, "திட்டம் பொருந்தவில்லை" என்ற ஒரு வரி போதும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பிஎச்.டி. கைடும் கூட்டு ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

பேராசிரியர் பதவி கிடைக்காவிட்டால் போஸ்ட்டாக் வீண்தானா?

இல்லை. கிடைக்கும் இடங்களைவிட போஸ்ட்டாக்குகளின் எண்ணிக்கை மிக அதிகம், பெரும்பாலோர் வேறு பாதைக்குத்தான் போகிறார்கள். இதைத் தோல்வி என்று சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். பொது வசதி மையத்தில் சீக்வென்சிங் அல்லது நுண்ணோக்கி நிபுணர், நிரந்தர ஆய்வக விஞ்ஞானி, ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர், தரவுத்தளப் பராமரிப்பாளர், மருத்துவ மரபணு ஆய்வுக்கூடத்தில் மாறுபாடுகளை விளக்குகிறவர், இவையெல்லாம் முழுமையான அறிவியல் வேலைகள்.

வெங்கி ராமகிருஷ்ணனுக்கே போஸ்ட்டாக் முடிந்ததும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. ஏராளமான விண்ணப்பங்கள் போட்டும் பலிக்காமல், தேசிய ஆய்வுக்கூடங்களில் பணி விஞ்ஞானியாகச் சேர்ந்தார். 1985-இல் ஹங்கேரியை விட்டு அமெரிக்காவுக்குப் போஸ்ட்டாக் ஆகப் போன கேட்டலின் கரிக்கோ, பின்னாளில் பல்கலைக்கழகத்தில் பணியிறக்கம் செய்யப்பட்டவர். 2023-இல் எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்காக நோபல் வாங்கினார். நோபல் எல்லோருக்கும் வரப்போவதில்லை. பதவியின் பெயரை வைத்து அறிவியலை எடைபோட்டவர்கள் இரண்டு முறையும் தப்பாகத்தான் எடைபோட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளம்பும்போது எதை எடுத்துப்போகலாம்?

ஆய்வகக் குறிப்பேடும் மூல டேட்டாவும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், மனித மரபணு டேட்டா என்றால் பெரும்பாலும் நகலும் கூடாது. செல் லைன், எலி, பிளாஸ்மிட் (ஆய்வில் பயன்படும் சிறு வட்ட டி.என்.ஏ.) போன்றவற்றுக்கு இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திடும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பிளாஸ்மிட்களை ஆட்ஜீன் என்ற பொதுச் சேமிப்பகத்தில் சேர்த்துவிட்டால் நீங்களும் மற்றவர்களும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். நிரலுக்குத் திறந்த உரிமம் போட்டு, நிறுவனத்தின் சம்மதத்தோடு பொதுக் களஞ்சியத்தில் வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. எந்தத் திட்டம் உங்களோடு வரும், எது ஆய்வகத்தோடு நிற்கும் என்பதை, வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே தலைவரோடு பேசி, பேசியதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருக்கே அனுப்பிவையுங்கள்.